உப்பை அளந்தவர்களை ஒதுக்கியது தவறு

தன்னார்வலர்கள் எடுத்த உப்பு அளவுகளை ஓடைகளின் நிலை பற்றிய கணக்கில் சேர்ப்பதில்லை என்ற முடிவு மாற்றப்பட வேண்டும். அவை ஆய்வுகூடத்தில் பெறப்பட்டவை அல்ல என்பதே சொல்லப்பட்ட ஒரே காரணம். அது எடுபடாது.

பனி கொட்டி, உப்பு வீசி, மறுநாள் வெயில் எறித்ததும் கனடாவின் ஸ்காபரோ வீதிகளில் உருகும் நீர் சில மணித்தியாலங்களில் வடிகால் வழியே ஹைலண்ட் ஓடைக்கும் ரூஜ் ஆற்றுக்கும் போய்விடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பவர்களுக்கு அந்த மணித்தியாலங்கள் அகப்படுவது தற்செயல். பக்கத்தில் குடியிருப்பவர்களால்தான் அந்தக் காலையிலேயே கரைக்குப் போக முடியும். விறைக்கும் குளிரில் கையுறையைக் கழற்றி, சோதனைத் தாளை நீரில் பிடித்து, வெள்ளைக் கோடு எந்த இலக்கம் வரை ஏறுகிறது என்று பார்த்துக் குறிக்கிறார்கள். தாளில் ஆய்வுகூட நுட்பம் இல்லைத்தான். ஆனால் உப்பிலுள்ள குளோரைட்டுக்கு, நீர்வாழ் உயிர்களைக் கருதிக் கனடா வகுத்த நீண்டகால வரம்பு லீற்றருக்கு 120 மில்லிகிராம். குறுகியகால வரம்பு 640. அவற்றை வெகுவாகத் தாண்டிய நீரைக் கண்டுகொள்ளத் தாள் போதும். சந்தேகமென்றால் அதே இடத்தில், அதே நாளில் மாதிரி எடுத்துச் சரிபார்த்திருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் சொன்னால் வைத்தியர் சோதித்துப் பார்ப்பார். தாயை வெளியே அனுப்பமாட்டார்.

அதிகாரக் கதிரைகளில் இருப்போருக்கு உப்பின் கேடு புதிதல்ல. வீதி உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று 2001இல் மத்திய அரசின் மதிப்பீடே முடிவு செய்தது. ஆனால் நச்சுப்பொருள் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. 2004இல் வந்தது விரும்பினால் பின்பற்றலாம் என்ற நடைமுறைக் கோவை மட்டுமே. அதுவும் வீதி நிர்வாகங்களைப் பற்றியது; கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களைத் தொடவில்லை. அங்கே சப்பாத்தின் கீழ் உப்பு நொறுங்குவதை நாம் ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிறோம். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போடுவார்களோ என்ற பயத்தில் ஒரு வாளி போதுமான இடத்தில் மூன்று வாளி கொட்டுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம், பயிற்சி பெற்ற ஒப்பந்தக்காரருக்கு வழக்குப் பாதுகாப்பு அளித்து 2013இலேயே சட்டம் செய்தது. ஒன்ராறியோவில் 2021இல் வந்த மாற்றமோ விழுந்தவர் 60 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. ஓடையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

உப்பு நீர் ஓடும் மணித்தியாலங்களில் தாங்களும் அளப்பதில்லை, அளப்பவரையும் ஏற்பதில்லை என்றால் இது அறிவியல் அக்கறையல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. குளோரைட் மக்கி அழிவதில்லை. நிலத்தடி நீரில் தங்கிக் கோடையிலும் ஓடைக்குள் கசிகிறது; சிப்பிக் குஞ்சுகளைக் கொல்கிறது. சம்பளமின்றி உழைத்தவர்கள் கேட்டது கணக்கில் ஓர் இடம் மட்டுமே. அதையும் மறுப்பவர்களுக்கு ஓடைகளைக் காக்கிறோம் என்று அறிக்கை விட உரிமையில்லை. முடிவைத் திரும்பப் பெற்று, மக்களோடு உட்கார்ந்து பொறுப்பான வழியொன்றைக் காணட்டும். அடுத்த பனிக்கு முன் அது நடந்தாக வேண்டும்.