பிடுங்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

மேடவாக்கத்தில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரே புலம்பல்: "பேரன் எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கான். பிடுங்கி வைக்கணும் சார்!" எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இந்தப் பிள்ளைகளின் நிலைமையைப் பாருங்கள். பெற்றோருக்குச் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்தால் வீடு மாறும். கூட விளையாடியவன் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுவான். அவனோடு பேச மிச்சமிருக்கும் ஒரே திண்ணை அந்தப் போன்தான். அதையும் இடித்துவிட்டு, "பையன் யாரோடும் ஒட்ட மாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொள்வது என்ன நியாயம்?

ஆபத்து இல்லையா? இருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி என்று பேசுவது நாற்பது வயது ஆளாக இருக்கலாம். முதலில் போட்டோ கேட்பான், பிறகு மிரட்டுவான். மிரட்டலுக்கு ஆளான குழந்தை வீட்டில் வாய் திறக்காது. சொன்னால் திட்டு விழும், போனும் போய்விடும் என்ற பயம். நம் கண்டிப்பே அந்த அயோக்கியனுக்குக் காவலாகிவிடுகிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் சிலர். 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் தடை போட்டது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் சிநேகம் பழகுவது எப்படி என்று எந்தச் சட்டம் சொல்லித்தரும்?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காளிக்குப்பத்தில் பேராசிரியர் சுகதா மித்ரா ஒரு சோதனை செய்தார். தமிழ்க் குழந்தைகள் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் பாடத்தைத் தாங்களாகவே படித்து 30 சதவீதம் வாங்கினார்கள். பிறகு பாடம் தெரியாத ஓர் இளம்பெண் பின்னால் நின்று, பாட்டி மாதிரி "அட, இது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதிப்பெண் 50 சதவீதத்துக்கு ஏறியது. 2009இல் அவர் பிரிட்டனின் பெரியவர்களை ஸ்கைப் வழியாக நம் நாட்டுக் குழந்தைகளோடு பேச வைத்தார். 'கிரானி கிளவுட்' என்று அதற்குப் பெயர்.

சீமைப் பாட்டிகள் கடல் தாண்டிச் செய்ததை, ஒரே கூடத்தில் இருக்கும் நம்மால் செய்ய முடியாதா? பேனா நண்பர் காலத்தில் கடிதம் வீட்டு விலாசத்துக்குத்தான் வந்தது. யாரிடமிருந்து என்று பெரியவர்கள் கேட்டார்கள். அதையே இப்போதும் கேளுங்கள். சிநேகிதன் பெயர் என்ன, அவன் அம்மாவிடம் நாம் பேசலாமா என்று. "வீட்டில் சொல்லாதே" என்பவன் சிநேகிதன் இல்லை என்று சொல்லிக்கொடுங்கள். "எது நடந்தாலும் என்னிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். விஷயம் கைமீறினால் 1098, பணமோ மிரட்டலோ என்றால் 1930.

சீரியலில் அரை மணி நேரம் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.