இரைச்சல் சைகையாகாது

காடு என்றதும் அமைதியே நம் நினைவுக்கு வருகிறது. மரம் வெட்டும் காட்டிலோ அந்த அமைதிக்கு இடமில்லை. அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மலைச்சரிவுகளை எண்ணிப் பார்ப்போம். அங்கே வெட்டுண்ட மரங்களை இரும்பு வடமிட்டு மேலே இழுக்கும் பொறிகள், காது அடைக்கும்படி அலறுகின்றன.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938-இல் வெளியிட்ட ‘71’ வரிசை டீசல் எஞ்சின்கள் இத்தகைய பொறிகள் பலவற்றில் பொருத்தப்பட்டன. நான்கு வீச்சு எஞ்சினின் ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். இரு வீச்சு எஞ்சின்களாகிய இவற்றிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அந்த அலறலுக்கு இதுவே பெருங்காரணம். ஆயினும் உழைப்புக்கு அஞ்சாதவை. ஆகவே பழையவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன.

சரிவில் நிற்பவன் மரத்தில் வடத்தை மாட்டிவிட்டு விலகவேண்டும். அதன்பின்னரே மேலே பொறியை இயக்குபவன் இழுக்கவேண்டும். ‘நில்’ என்னும் ஒரு சொல் கேளாது போயின், ஓர் உயிர் போகும். ஆதலால் நீராவிப் பொறிகளின் காலத்திலேயே, நீண்ட கம்பியைப் பிடித்து நின்ற ஒருவன், பெரும்பாலும் சிறுவன், அதை இழுத்துப் பொறியிலுள்ள ஊதலை ஒலிக்கச் செய்தான். இத்தனை ஊதலுக்கு இன்ன பொருள் என்று வகுத்திருந்தனர். இன்று அவ்வேலையை இடுப்பில் அணியும் வானொலிக் கருவி செய்கிறது.

மனிதக் குரல் தெளிவாய் எட்டாத இடத்தில் கைச்சைகையோ, ஊதலோ, வானொலியோ வேண்டும் என்கிறது அந்நாட்டின் மரவெட்டுப் பாதுகாப்பு விதி. எஞ்சினின் இரைச்சலைச் சைகையாகக் கொள்ளலாகாது என்றும் அது தெளிவாய்க் கூறுகிறது. ஓசை பெரிதாயிருப்பதனாலேயே அது செய்தி ஆகிவிடாது அன்றோ!

விபத்துக்குத் தப்பியவனையும் இரைச்சல் விடுவதில்லை. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை செய்யலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவ்வாறாயின் 100 டெசிபலில் 15 நிமிடமே! உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவன மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். அவற்றோடு ச, த போன்ற மெய்களின் தெளிவும் மங்கும். குரல் கேட்கும், சொல் விளங்காது.

பாடுபட்டு வீடு திரும்பும் தந்தையிடம் பிள்ளை ஏதோ கேட்கிறது. அவர் பொருந்தாத விடை தருகிறார், அல்லது வாளாவிருக்கிறார். அதை அலட்சியமென்றும் பிடிவாதமென்றும் வீட்டார் எண்ணுகின்றனர். இல்லை, அவர் உழைப்புக்குக் கொடுத்த விலை அது.

எனவே பொறியோடு உழைப்போர் காதுமூடியை அணியட்டும். பழுதான புகைக்குழாயைச் செப்பனிடட்டும். பேசவேண்டியிருந்தால் முதலில் எஞ்சினை நிறுத்தட்டும். வீட்டிலுள்ள நாமும் அவரிடம் கத்தாமல், முகம் நோக்கி, நிதானமாய்ப் பேசுவோம்.