வீடியோ கேம் என்றாலே விரட்டணுமா?



வீடியோ கேமால் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், அந்தச் சனியனை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்று நம் பகுதிக்கு அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எழுதுகிற சகோதரிகளின் வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் எந்த கேம், எந்த மெஷின் என்று யாருமே எழுதுவதில்லை. சாப்பாடு கெடுதல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? கேழ்வரகுக் கூழும் சாப்பாடுதான், நாலு நாள் எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும் சாப்பாடுதான். கேமும் அப்படித்தான். பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தானே எதை வைத்துக்கொள்வது, எதை விரட்டுவது என்று சொல்ல முடியும்?

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், வயது முப்பத்தேழு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனால் கேம் விஷயத்தில் நான் கொஞ்சம் சீனியர்! ராயபுரத்தில் எங்கள் அம்மா வீட்டில், 1998 வாக்கில், என் அண்ணன் பர்மா பஜாரிலிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தான். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் கொண்டு வந்த மெஷினின் நகல் அது. அந்தக் காலத்தில் நம் ஊரில் பல பெயர்களில் விற்றார்கள். கேசட் மேல் ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி 'உஃப்' என்று ஊதிப் போடுவோம். மரியோவும் கான்ட்ராவும் டெட்ரிஸும் அதில் கற்றதுதான். கல்யாணமாகி வள்ளூர் வந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் சீட்டுப் பணத்தில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கினோம். நல்ல போன் ஒன்றின் விலையைவிடக் குறைவுதான். "அந்தக் காசுக்கு ஒரு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாமே" என்று என் மாமியார் இன்னமும் சொல்கிறார்!

இத்தனை வருஷம் ஆடிப் பார்த்ததில், எந்த கேமையும் மூன்று கேள்வி கேட்டு எடை போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் கேள்வி, அது காசு எப்படிக் கேட்கிறது? டி.வி.யில் மாட்டுகிற மெஷினுக்கு டிஸ்க் வாங்கினால் பெரும்பாலும் அத்தோடு செலவு முடிந்தது. போனில் இலவசமாக இறங்குவதுதான் வில்லங்கம். நம்மில் பலர் ஆடுகிற கேண்டி கிரஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் வந்தது. ஐந்து உயிர் தருவான். தீர்ந்தால் ஒரு உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடு என்பான். நாம் சலித்துப் போய் நிறுத்தும் நேரம் பார்த்து ஆசை காட்டுவதுதான் அவன் வியாபாரம். பெரியவர்கள் நமக்கே கை துறுதுறு என்கிறதே, எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? எங்கள் தெருவில் ஒரு அக்காவின் போனிலிருந்து, பையன் துப்பாக்கிக்குச் சாயம் பூசுகிறேன் பேர்வழி என்று மளிகைக் காசு முழுவதையும் தொலைத்துவிட்டான். அவனை அடித்து என்ன பிரயோஜனம்? ரகசிய எண் கேட்காமல் வாங்கவே முடியாதபடி போனில் பூட்டு வைக்கலாம். அது பல தாய்மார்களுக்குத் தெரியவில்லை. மெஷினிலும் ஆன்லைன் கடை உண்டு. அதற்கும் இதே பூட்டு இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, நடுவில் நிறுத்த முடியுமா? சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் பிள்ளை கத்துகிறான் என்பது எல்லா வீட்டுப் புலம்பல். மரியோ மாதிரி தனியாக ஆடுகிற கேமை ஒரு பட்டன் தட்டி அப்படியே நிறுத்தி வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம். ஊர் பேர் தெரியாத நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு, கடைசி ஆள் மிஞ்சும் வரை சுடுகிற பப்ஜி மாதிரி ஆன்லைன் கேமை நிறுத்தவே முடியாது. எழுந்து போனால் தோல்விதான். அந்த பப்ஜியை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. பிறகு பெயர் மாறி அதன் இந்தியப் பதிப்பு வந்தது. நம் வீட்டு நேரத்துக்கு அடங்காத கேம் எதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பேன்.

மூன்றாவது கேள்வி, எங்கே உட்கார்ந்து ஆடுவது? இதனால்தான் போனைவிட டி.வி. மெஷினே மேல் என்கிறேன். ஹாலில், எல்லோர் கண்ணெதிரிலும் ஆட வேண்டும். போர்வைக்குள் ஒளித்துக்கொள்ள முடியாது. எவன் என்ன பேசுகிறான், என்ன படம் வருகிறது என்று சமையல்கட்டிலிருந்தே எட்டிப் பார்க்கலாம்.

இனி கேம் வகைகள். நம் பாட்டிமார்கள் ஆடியதிலேயே எத்தனை வகை! பல்லாங்குழி கணக்கு, ஆடுபுலி ஆட்டம் யோசனை, பரமபதம் முழுக்க அதிர்ஷ்டம். இதிலும் அதே கதைதான். டெட்ரிஸ், ரஷ்யாக்காரர் ஒருவர் 1980-களில் உண்டாக்கிய புதிர் ஆட்டம். விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். சின்ன அலமாரியில் பெரிய குடும்பத்துப் பாத்திரத்தை அடுக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இதில் ஜெயிப்பாள். மரியோவில் ஒருத்தர் அவுட் ஆனால்தான் அடுத்தவருக்கு முறை வரும். கான்ட்ராவிலோ இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சேர்ந்து போகலாம். அந்த வயதிலேயே எனக்குக் கான்ட்ராதான் உயர்வாகப் பட்டது. சுடுவதற்காக அல்ல, அண்ணனும் நானும் சண்டை போடாமல் இருந்தது அதில்தான்!

இன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது 'ஓவர்குக்ட்' என்கிற சமையல் கேம். 2016-ல் வந்தது. நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். காய் நறுக்க ஒருத்தர், அடுப்பைப் பார்க்க ஒருத்தர் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தட்டு கழுவ ஆள் இல்லை என்றால் அடுத்த சாப்பாடு வெளியே போகாது. என் வீட்டுக்காரர் முதல் நாள் "தட்டு எங்கே, தட்டு எங்கே" என்று கத்தினார். "யாராவது கழுவினாத்தான் வரும்" என்றேன். பதினாலு வருஷம் வாயால் சொல்லிப் புரியாதது பத்து நிமிஷத்தில் புரிந்தது. இப்போது ராத்திரி அவர் தட்டை அவரே கழுவி வைக்கிறார்.

எனக்கு அறவே பிடிக்காத வகையும் உண்டு. ஜி.டி.ஏ. என்று பிள்ளைகள் சொல்வது கார் ஓட்டுகிற கேம்தானே என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். அது பெரியவர்களுக்கானது. டிஸ்க் பெட்டியின் மூலையைப் பாருங்கள். ஐரோப்பிய முறைப்படி 3, 7, 12, 16, 18 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். அது எத்தனை கஷ்டம் என்பதற்கான எண் இல்லை, எத்தனை வயதுக்கு மேல் என்பதற்கான எண். ஜி.டி.ஏ.வில் 18 என்று போட்டிருக்கும். சினிமாவில் 'ஏ' சர்டிபிகேட் பார்க்கிற நாம் இதையும் பார்க்க வேண்டாமா?

பணம் கட்டி ஆடுகிற ரம்மியை நான் கேம் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் மனைவியின் செயினை அடகு வைத்து அதில் விட்டார். கடைசி வரை அவர் சொன்ன வார்த்தை, "சும்மா கேம்தானே ஆடினேன்" என்பதுதான். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு 2022-ல் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. அதே சட்டம் போட்டி விளையாட்டையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் தனித்தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. அரசாங்கமே பிரித்துப் பார்க்கும்போது, நாம் மட்டும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் எப்படி?

வெளியே போய் ஓடி ஆடட்டுமே என்பார்கள். நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வள்ளூர், அத்திப்பட்டு ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். புழுதியில் எதிரே வருபவர் முகம் தெரியாது. பிள்ளையைச் சைக்கிள் கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக அடுப்படியில் நிற்க முடியுமா? எங்கள் பகுதிக்கு முதலில் ஒரு மைதானம் வேண்டும். அது வரும் வரை ஒரு மணி நேரம் ஹாலில் ஆடுகிற பிள்ளையைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள்.

அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சுதான், மறுக்கவில்லை. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் நோயாளி என்று அது சொல்லவில்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே பெரிதாகிப் போவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவை ஒரு வருஷ அளவுக்கு நீடித்தால்தான் பொதுவாக அந்தப் பெயர் வைக்கிறார்கள். அப்படி இருந்தால் திட்டாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பொம்பளைக்கு எதற்கு வீடியோ கேம் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் இது. கதாநாயகி யார் தெரியுமா? 1980-களில் கணவனோடு கனடாவுக்குப் போய்க் குடியேறிய ஒரு தமிழ் அம்மா! அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து அழிந்து போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழாயில் எதை முதலில் போடுவது என்று நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மகன் வளர வளரத் தமிழை விட்டுத் தள்ளிப் போகிறான். அந்தத் தாயின் தவிப்புதான் கதை. என் அண்ணன் மகள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதில் சிறந்த முதல் படைப்பு என்ற பரிசு இதற்குக் கிடைத்தது. நம் அடுப்படியை உலகமே ஆடிப் பார்க்கிறது. நமக்கு மட்டும் கேம் ஆகாதா?

எங்கள் ஊர் அனல் மின் நிலையத்தில் 1,500 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் அளவுக்கு மூன்று யூனிட் இருக்கிறது. அத்தனை கரண்ட்டில் ஒரு மணி நேரம், வீட்டு வேலை முடித்த ஒரு பெண் தனக்காகச் செலவு பண்ணினால் குடி முழுகிப் போகாது.

தோழிகளே, அடுத்த முறை பிள்ளை கேம் ஆடும்போது கையிலிருந்து பிடுங்காதீர்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைக்கும். அதன் பிறகும் கெட்டது என்று பட்டால் தைரியமாக நிறுத்துங்கள். தெரிந்து சொல்கிற அம்மாவின் பேச்சுக்குப் பிள்ளைகளிடம் தனி மரியாதை உண்டு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, வள்ளூர்