கண்ணாடிப் பொட்டிக்குள்ள கார் எதுக்குங்க?

கொஞ்ச நாளாவே மனசுக்குள்ள கிடந்து உறுத்துற விஷயம் இது. பதிவு கொஞ்சம் நீளம், காப்பியோ டீயோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. கார்னாலே கொட்டாவி விடுறவங்க அடுத்த பதிவுக்கு வந்தா போதும், கோவிச்சுக்க மாட்டேன் :-)

பழைய கார் மேல ஊருக்கே திடீர்னு பாசம் பொங்குது. கல்யாண ஆல்பம் எடுக்கணுமா, ஒரு பழைய கார் வேணும். நகைக்கடை திறப்பு விழாவா, வாசல்ல ஒண்ணு நிக்கணும். ரிசார்ட் வரவேற்பறையில ஒரு மோரிஸ் மைனர், அதுக்குள்ள பூந்தொட்டி. (சத்தியமா பார்த்தேன். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்துல செவ்வந்தி.) எல்லாத்துக்கும் ஒரே பேரு, விண்டேஜ். இங்கிலாந்தில் 1934ல் ஆரம்பிச்ச விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்புக்காரங்க கணக்குப்படி 1930க்குள்ள தயாரானதுதான் விண்டேஜ். நம்ம ஊர்ல 1985 பத்மினியும் விண்டேஜ்தான். பேரை விடுங்க, அது என் சண்டை இல்லை. இந்த வண்டிகளில் முக்கால்வாசி ஓடுறதே இல்லை என்பதுதான் என் சண்டை. லாரியில ஏத்திக் கொண்டாந்து இறக்கி, போட்டோ எடுத்து, திரும்ப லாரியில ஏத்திடறாங்க.

இதுக்கு அரசாங்கமும் ஒரு முத்திரை குத்திடுச்சு. 2021 ஜூலையில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸி, பாடி, எஞ்சின் எதையும் மாத்தாம அசல் வடிவத்தில் இருக்கணும். புதுசாப் பதிகிற வண்டிக்கு 'விஏ' வரிசையில் தனி நம்பர், ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். இதுவரைக்கும் சரி, பழைய வண்டிக்குன்னு ஒரு சட்ட அடையாளம் கிடைச்சதே பெரிய விஷயம்னு நானும்தான் கை தட்டினேன். அடுத்த வரியைப் படிச்சதும் கை நின்னுபோச்சு. வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைய கார் பேரணி, அப்புறம் பெட்ரோல் போட, பராமரிப்பு செய்ய. இதுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

பெட்ரோல் போடப் போகலாமாம். போட்டுட்டு எங்கே போறது? திரும்ப வீட்டுக்கு. அடுத்த மாசம் மறுபடி பெட்ரோல் போட.

இதுல எனக்கென்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. என்கிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கு. 1969, நாலு கதவு, மார்க் 3. இப்ப இருக்கிற பசங்களுக்கு அந்தப் பேரே தெரியாது. ஒரு காலத்துல மெட்ராஸ்காரன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கிட்ட கார் அது. கல்கத்தாக்காரனுக்கு அம்பாசடர், பம்பாய்க்காரனுக்கு ஃபியட், நமக்கு வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் ஃபேக்டரியில தயாரான ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959ல் ட்ரையம்ஃப் ஹெரால்டா வந்தது, இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிகெலொட்டி வரைஞ்ச உருவம். 1961லிருந்து இங்கே. அவங்க ஊர்ல எஞ்சின் 948 சிசியிலிருந்து 1147, அப்புறம் 1296னு வளர்ந்துகிட்டே போச்சு, நமக்குக் கடைசி வரைக்கும் 948தான். ஆனா நாலு கதவு ஹெரால்ட் அவங்ககிட்ட கிடையாது, அது நம்ம ஊர் சரக்கு.

இன்னொரு கூத்தும் இருக்கு. பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிட்டதால, ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப்காரங்க துண்டு துண்டா வெவ்வேற இடத்துல பாடி செஞ்சு, தனி சேஸி மேல போல்ட் போட்டு முடுக்கினாங்க. வேற வழியில்லாம செஞ்ச வேலைதான். அதனாலயே 55 வருஷம் கழிச்சும் என்னை மாதிரி ஒருத்தன் ஒரு ஸ்பேனர் செட்டை வெச்சுக்கிட்டு பாடியைக் கழட்டி, மறுபடி மாட்ட முடியுது. பானெட் முன்பக்கமா முழுசாக் கவிழும், டயர் மேல உக்காந்துக்கிட்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இப்ப வர்ற கார்ல ஹெட்லைட் பல்பு மாத்தவே பம்பரைக் கழட்டணும்ங்கிறான்.

வண்டி காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில 22 வருஷமா நின்னுக்கிட்டிருந்தது. வீட்டுக்காரர் சொன்ன விலை 1,40,000, முடிஞ்சது 95,000. அதைச் சாலைக்குக் கொண்டுவர ஆன செலவைச் சொன்னா வீட்டம்மாவும் இதைப் படிக்கிறதால எனக்கு ஆபத்து. ஆனா அந்தப் பணம் எங்கெங்கே போச்சுன்னு சொல்லியே ஆகணும், சண்டையே அங்கேதான் இருக்கு.

முதல்ல நகரத்துல 'ரெஸ்டோரேஷன்' போர்டு மாட்டின ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். ஏசி போட்ட ரிசப்ஷன், சுவத்துல பளபளன்னு படங்கள். என் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கலர் சார் போடலாம்? மெட்டாலிக் வைன் ரெட் சூப்பரா இருக்கும்". சேஸியைக் குனிஞ்சு பார்க்கவே இல்லை! ஹெரால்டுல உயிர்நாடி சேஸியும், அதிலிருந்து பக்கவாட்டில் நீளுற அவுட்ரிக்கரும். அது துருப்பிடிச்சா கதவு தொங்கும், பாடி தொய்யும். டிங்கரிங் பத்தி கேட்டேன். "அதெல்லாம் பட்டி பார்த்துடலாம் சார், தெரியவே தெரியாது". அவர் முடிச்சு வெச்சிருந்த ஒரு ஃபியட்டுல காந்தத்தை வெச்சுப் பார்த்தேன். (சட்டைப் பையில ஒரு சின்னக் காந்தம் இல்லாம பழைய கார் பார்க்கப் போகாதீங்க.) மட்கார்டு முழுக்க காந்தம் ஒட்டவே இல்லை. உள்ளே தகடே கிடையாது, மொத்தமும் பட்டி. போட்டோவுக்கு மட்டும் நிக்கிற காருக்கு அது போதும். பட்டி பார்த்த மட்கார்டு ரோட்டில் நாலு பள்ளத்துல இறங்கினா விரிசல் விட்டுடும். ஓட்டவே போறதில்லைங்கிறப்போ யாருக்குத் தெரியப்போகுது? ஓடாத கார்தான் இந்தக் கடைகளுக்குச் சோறு போடுது.

அப்புறம் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் கிடைச்சார். வயசு எழுபதுக்கு மேல. ஹெரால்டு, கெஸல் ரெண்டையும் அது புது வண்டியா இருந்த காலத்துலயே கழட்டி மாட்டினவர். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ட்ரனியனுக்கு கிரீஸ் அடிச்சிருக்கானா, ஆயில் விட்டிருக்கானா?"

இது புரியாதவங்களுக்காக. முன் சக்கரம் திரும்புறது ஒரு வெண்கலத் துண்டுக்குள்ள மரை போட்ட ஒரு செங்குத்துத் தண்டுல. அந்த வெண்கலத் துண்டுதான் ட்ரனியன். அதுக்கு கியர் ஆயில் விடணும்னு கம்பெனிப் புத்தகமே சொல்லுது. கிரீஸ் கெட்டியா உக்காந்துக்கிட்டு மரைக்குள்ள இறங்காது, தண்ணி புகுந்து உள்ளேயே துரு அரிக்கும். ஒரு நாள் திரும்பும்போது தண்டு பட்டுன்னு உடைஞ்சு சக்கரம் மடங்கி விழும். என் வண்டியில கழட்டிப் பார்த்தா காய்ஞ்ச கிரீஸ், வலது பக்கத் தண்டுல நகம் நுழையுற அளவு பள்ளம். வைன் ரெட் அடிச்சிருந்தா அழகா விழுந்திருப்போம்.

புதுத் தண்டும் ட்ரனியனும் எங்கே கிடைச்சதுன்னு நினைக்கிறீங்க? இங்கிலாந்திலிருந்து தபால்ல வந்தது. ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் இதுக்கெல்லாம் அதே குடும்பத்து முன் சஸ்பென்ஷன், அங்கே இன்னைக்கும் செஞ்சு விக்கிறான். ஏன் விக்கிறான்? அங்கே அந்த வண்டிகளை ஓட்டுறாங்க, தேயுது, வாங்குறாங்க. பிரிட்டன்ல 40 வருஷம் தாண்டின வண்டிக்கு சாலை வரி கிடையாது. 2018லிருந்து, பெரிசா மாத்தியமைக்காத வண்டின்னா வருஷாந்திர தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. அதை வெச்சு தினமும் ஆபீஸ் போனாலும் ஒருத்தனும் கேட்க மாட்டான். ஜெர்மனியில 30 வருஷம் தாண்டி, அசலா, ஒழுங்கா இருந்தா நம்பர் முடிவுல 'ஹெச்' எழுத்து கிடைக்கும், புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள்ளகூட போகலாம். ரெண்டு நாடுமே கார் புகை விஷயத்துல நம்மளைவிட கறாரான நாடுகள்.

புகைன்னு நானே எடுத்துட்டேன், அதையும் பேசிடுவோம். என் வண்டியில கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு இது விடுற புகை புதுக் காரைவிடப் பல மடங்கு மோசம், அதுல சந்தேகமே வேண்டாம், பூசி மெழுகப் போறதில்லை. ஆனா நான் வருஷத்துக்கு ஓட்டுறது 2,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிடைக்குது, ஆக 167 லிட்டர். பக்கத்து வீட்டுக்காரர் தினம் 40 கிலோமீட்டர், வருஷத்துல 300 நாள், லிட்டருக்கு 15ன்னு வெச்சாலும் 800 லிட்டர். ஊர்ல ஹெரால்டு எத்தனை ஓடப்போகுது? விரல் விட்டு எண்ணலாம். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான்னு ஒரு வரம்பு போடுங்க, மீட்டரைப் பார்த்துக்கோங்க. நானே முதல் ஆளா ஒத்துக்கிறேன். 'பேரணிக்கு மட்டும்'ங்கிறதைவிட அது ஆயிரம் மடங்கு நியாயம்.

பாதுகாப்பு? ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பின்பக்க ஸ்விங் ஆக்ஸில் வேகமா வளைச்சா சக்கரத்தை உள்ளே மடக்கும். தெரிஞ்சுதான் 60க்கு மேல போறதில்லை. இங்கேதான் 'அசல் வடிவம்'ங்கிற வார்த்தை இடிக்குது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க நின்னுபோச்சு. அந்த ஈயத்தை நம்பித்தான் இந்த எஞ்சினோட வால்வ் சீட் இருந்தது, ஈயம் இல்லாம அது மெல்ல மெல்லத் தேயும். அதனால லேத்துல கொடுத்து கெட்டியான சீட் போட்டிருக்கேன். இப்ப பங்க்குல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் ரெண்டையும் ஊற வெச்சு அழிக்கும், ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். அதுக்காக ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. அரசாங்கமே பெட்ரோலை மாத்துது, அதுக்குத் தக்கபடி நான் எஞ்சினைத் தொட்டா அசல் வடிவம் போயிடுச்சாங்கிறதை எந்த இன்ஸ்பெக்டர் முடிவு பண்ணுவார், எதை வெச்சு முடிவு பண்ணுவார்?

அதனால நான் அந்த விண்டேஜ் வரிசைக்குப் போகலை. பழைய மெட்ராஸ் நம்பரோட, சாதாரணக் காரா, 5 வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சோதனை காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிச்சுக்கிறேன். அதுக்கும் விலை வெச்சுட்டாங்க. 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. புகை விடுற ஓட்டை வண்டிக்கும், ஞாயித்துக்கிழமை மட்டும் வெளியே வர்ற ஹெரால்டுக்கும் ஒரே தராசு.

நாப்பது கார் வெச்சிருக்கிற பெரிய மனுஷங்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. வருஷத்துக்கு ஒரு பேரணி, ஒரு கோப்பை, முடிஞ்சது. இந்த விதியால அவங்களுக்கு நஷ்டம் கிடையாது, அதனாலதான் அவங்ககிட்டேர்ந்து சத்தமும் கிடையாது. நஷ்டம் பாய்க்கு. கார்புரேட்டரைக் காதால கேட்டு ட்யூன் பண்றவர் அவர். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வர்ற வண்டிகளை நம்பி அவர் பட்டறை நடத்த முடியுமா? அவர்கிட்ட இருந்த ரெண்டு பசங்களில் ஒருத்தன் சாப்பாடு டெலிவரிக்குப் போயிட்டான். "வண்டி வந்தாத்தானே தம்பி அவனுக்கு நான் காட்டித் தர முடியும்?"னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. மியூசியம் வேண்டாம்னு நான் சொல்லலை. கோயம்புத்தூர்ல ஜி.டி. நாயுடு அறக்கட்டளையோட ஜீடீ கார் மியூசியத்தை ரெண்டு தடவை சுத்தி வந்தவன் நான், குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா கார்புரேட்டர் ட்யூனிங்கைக் கண்ணாடிக்குப் பின்னாடி வைக்க முடியாது.

உங்க வீட்டுல, மாமா வீட்டுல, தாத்தா கொட்டகையில ஒண்ணு தூங்குதா? கல்யாண வாடகைக்காரனுக்கும் பட்டிக்கடைக்கும் கொடுக்காதீங்க, எழுப்புங்க. ஆனா ஆர்வக்கோளாறுல பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பிடாதீங்க. பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊறவிடுங்க. அப்புறம் கையால எஞ்சினைச் சுத்திப் பாருங்க, இறுகியிருந்தா பலவந்தம் கூடாது. டேங்க்ல இருக்கிறது பெட்ரோல் இல்லை, அரக்கு, முழுசா வடிச்சு டேங்க்கைக் கழுவணும். பிரேக்குல வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க, பார்க்க நல்லா இருந்தாலும். பேட்டரி மாட்டும்போது எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க, பல பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க எண்ணைப் படிங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். மூணு இலக்கம்தான் இருக்குன்னா அது போன நூற்றாண்டு டயர், ஊஞ்சல் கட்டத்தான் ஆகும்.

டிஸ்கி: பாயோட விலாசம் பின்னூட்டத்துல தர மாட்டேன், தனிமடல் அனுப்புங்க. கல்யாண போட்டோவுக்கு என் வண்டி வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டு வர்ற மடல் எல்லாம் நேரா குப்பைத்தொட்டிக்கு.