சூசையிடம் கேட்ட சான்று

ஆந்திர உயர்நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த வழக்கு ஒரு போதகருடையது. சாதியைச் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்பது அவர் புகார். பத்தாண்டுகளாகப் போதகராக இருப்பவர் பட்டியல் சாதியினர் அல்லர், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று வழக்கே ரத்தானது. கையில் சாதிச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. அதற்கு முன், 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அவர் கிறிஸ்தவரே என்பதற்கு அவருடைய ஞானஸ்நானத்தையும் தவறாமல் தேவாலயத்துக்குப் போனதையும் உச்ச நீதிமன்றம் ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் மாடி வீட்டில் சபை நடத்தும் ஊழியருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. "ஐயா, காலேஜ் அட்மிஷன் முடியட்டும், அப்புறம் பையன் ஞானஸ்நானம் எடுக்கட்டுமே" என்று ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்பார். அவரைப் பிரசங்கத்தில் குத்திக்காட்டாதீர்கள். ஞானஸ்நானத் தேதியை மாற்றியும் எழுதித் தராதீர்கள். தண்ணீரில் இறங்குமுன் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பி.சி. பட்டியலில் வருவார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் ஞானஸ்நானப் பதிவேட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

இந்த இதழ் நெடுநாளாகக் கேட்டுவருவது வேறொன்று; அது சூசையின் வழக்கில் தொடங்குகிறது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் சூசை. மற்றத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க், கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் அதே சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

ஆதாரமா இல்லை? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் குழிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் மக்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச்சில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். நம் சுயாதீன சபைகளில் சுவர் இல்லை, வரன் பார்க்கும்போது மட்டும் "நம்ம ஆளுங்களா?" என்ற கேள்வி வந்துவிடும். இதை அறியாத போதகர் யார்? அறிந்துகொண்டே "சபையில் சாதி இல்லை" என்று ஞாயிறுதோறும் சொல்கிறோம். ஆந்திரத் தீர்ப்பும் அதைத்தான் சொல்கிறது: கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது.

சீக்கியமும் சாதியை ஏற்பதில்லை, பௌத்தமும் ஏற்பதில்லை. ஆனாலும் பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்துவிடப்பட்டது. அதுதான் நியாயம். எங்களிடம் மட்டும் ஏன் சான்று? ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கச் சொன்னது. அறிக்கை கிடப்பில் கிடக்கிறது. 2022இல் இன்னோர் ஆணையம், முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில். இரண்டாண்டுக் கெடு போய் நீட்டிப்பு வந்தது. இதையே கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையும் டெல்லி மதிக்கவில்லை. மூன்று தலைமுறை காத்திருந்தாயிற்று. இன்னும் எத்தனை ஆணையத்தின் முன் எங்கள் ஜனங்கள் போய் நிற்பார்கள்?

ஆதாரம் கேட்பவர்களுக்கு நாமே ஆதாரம் சேர்ப்போம். தசமபாகத்துக்கு நோட்டுப் போடுகிறோம். சாதியால் முறிந்த நிச்சயதார்த்தம், மறுக்கப்பட்ட கல்லறை இடம், கமிட்டியிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்ட பெயர் இவற்றுக்கும் இந்த மாதமே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இடம், சாட்சிக் கையெழுத்து வேண்டும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும் பெயரையும் எழுதுங்கள்.