காற்றை யார் தாங்குவது?

காணும் பொங்கலன்று திருக்கடையூர்ச் சாலையில் மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளும் பறக்கும் எல்கைப் பந்தயத்தைக் காணாதவர் நம் வட்டாரத்தில் அரியர். வென்றது மாடா, ஓட்டியவனா என்ற வழக்கு தேநீர்க் கடைகளில் மாசி வரை தீராது. மிதிவண்டிப் பந்தயமோ வேறு வகையது. அங்கே எல்லாரினும் வல்லவன் வெல்லாமற் போவதும் உண்டு.

சென்ற மாதம் பங்கு இளைஞர் நால்வர் என்னிடம் வந்தனர். ஊர்ப் பந்தயம் ஒன்றில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனே மூன்றாண்டுகளாக வென்று வருகிறானாம். “அவனை முந்தவே முடியாது சாமி. பேர் கொடுக்காமலே இருந்துவிடலாமா?” என்றனர். மிதிவண்டியில் கிளைப்பங்குகளைச் சுற்றிய பழக்கம் எனக்கு உண்டே தவிர, நான் பந்தயம் ஓட்டியவனல்லன். ஆயினும் படித்தறிந்ததைச் சொன்னேன்.

முதலில் அறிய வேண்டியது காற்று. கடற்காற்று எதிர்த்து வீசும் பிற்பகலில் மிதித்தவர்க்கு இது தெரியும். விரைந்து செல்பவனின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. வேகம் இருமடங்கானால் அதற்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். முன்னவன் முதுகை ஒட்டிச் செல்பவனுக்கோ உழைப்பில் கால் பங்கேனும் மிச்சம். ஆகவே வல்லவன் முன்னே செல்லுந்தோறும் பின்னே வருவோர்க்கு ஊழியம் செய்கிறான்!

எனவே நால்வரில் ஒருவன் தொடக்கத்திலேயே பாய்ந்து ஓட வேண்டும். வல்லவன் துரத்தியாக வேண்டும். துரத்தாவிடில் ஓடியவனே வெல்வான். மற்ற மூவரும் வல்லவன் பின்னே ஒட்டிக்கொள்ள வேண்டும்; முன்னே வந்து அவனுடன் காற்றைப் பங்கிடலாகாது. தம் தோழனைத் தாமே துரத்துவது மடமையன்றோ? முதலாமவன் பிடிபட்ட மறுகணமே, மூச்சு வாங்க விடாமல், இரண்டாமவன் பாய வேண்டும். பின்பு மூன்றாமவன். இறுதியில் களைக்காத கால்கள் நான்காமவனுக்கே இருக்கும்.

இதைக் கேட்டிருந்த தாயார் ஒருவர், “நாலு பேர் சேர்ந்து ஒருவனைச் சாய்ப்பது நியாயமா சாமி?” என்றார். நல்ல கேள்விதான். வழி மறித்தாலும் கைப்பிடியை இழுத்தாலும் அநியாயம். தோழரைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கும் தடையில்லையே என்றேன். அம்மையார் முழுதும் ஒப்பவில்லை.

தோழர் இருந்தாலும் வல்லவர் தோற்பதுண்டு. 2021 ஜூலை 25 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சாலைப் பந்தயம் 137 கிலோமீட்டர் நடைபெற்றது. நெதர்லாந்து அணியின் நால்வருள் மரியன்னே வோஸ் 2012-லும் அன்னா வான் டெர் பிரெஹென் 2016-லும் தங்கம் வென்றவர்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்தவரோ அன்னா கீசென்ஹோபர் ஒருவரே. கணித ஆய்வாளர், எந்தத் தொழில்முறை அணியையும் சாராதவர். தொடக்கத்திலேயே சிலருடன் பாய்ந்தார். இவர்களை யார் பொருட்படுத்துவார்? இடைவெளி பத்து நிமிடங்களையும் கடந்தது. இறுதி 41 கிலோமீட்டரை அவர் தனியே ஓட்டினார். ஒலிம்பிக்கில் செவிக்கருவி கிடையாது. ஓடியவர் எல்லாரையும் பிடித்துவிட்டதாகவே நெதர்லாந்தினர் எண்ணினர். வான் வ்லூட்டன் கைகளை உயர்த்தி எல்லைக்கோட்டைக் கடந்தபோது, கீசென்ஹோபர் வென்று ஒரு நிமிடம் 15 வினாடி ஆகியிருந்தது.

இளைஞர்கள் வாய் பிளந்து கேட்டனர். பின்பு நான், “உங்களில் முதலில் ஓடப்போவது யார்?” என்றேன். மௌனம். அந்தக் கணிதப் பெண்மணிக்கு வாய்த்தது எல்லார்க்கும் வாய்க்காது. முதலில் பாய்பவன் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேர்வான் என்பதை அவர்களும் அறிவர். “பரிசு ஒருத்தனுக்குத்தானே சாமி?” என்றான் இளையவன். பரிசுத் தொகையை நான்காகப் பங்கிடுவது என்று ஒருவாறு முடிவாயிற்று. ஆனால் கோப்பையைப் பங்கிட முடியுமா? அதில் அரை மணி நேரம் சென்றது.

முடிவில், நால்வரிலும் நன்றாக ஓட்டக்கூடியவன், மிதிவண்டிக் கடையில் வேலை பார்ப்பவன், எழுந்தான். “நானே முதலில் போகிறேன் சாமி. நான் போனால்தான் அவன் பயந்து துரத்துவான். ஆனால் இந்த வருஷம் நான் ஜெயிப்பேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

ஒப்புக்கொண்டேன். இரண்டு ஞாயிறுகள் கடந்துவிட்டன. அவன் தந்தையைப் பூசை முடிந்ததும் பார்க்கிறேன். இன்னும் சொன்னபாடில்லை.