எங்க நாய் கடிக்காது!



நாங்கள் குடியிருப்பது காம்பவுண்டு வீடு. ஒரே வாசல், ஒரே குழாய், எட்டுக் குடித்தனம். அதில் மூணு வீட்டில் நாய் உண்டு. எங்க மணியும் அதில் ஒண்ணு. பொங்கல் முடிந்ததும் பெரியவங்க எல்லாரும் உட்கார்ந்து பேசி, 'நாயைச் சங்கிலியோடுதான் முற்றத்துக்குக் கொண்டு வரணும்' என்று முடிவு பண்ணினார்கள். ஒரு வாரம் நடந்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாக அவிழ்த்து விட்டாச்சு. கேட்டால் மூணு வீட்டிலும் ஒரே பதில்தான். "எங்க நாய் கடிக்காது!"

நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். போன மாதம் கடைசி வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். அவர்கள் மாசமாக இருக்கிறார்கள். மணி ஓடிப் போய் மேலே தாவிவிட்டது. விளையாட்டுக்குத்தான், கடிக்கவே இல்லை. ஆனால் அக்கா வழுக்கி உட்கார்ந்துவிட்டார்கள். குடம் உடைந்தது. நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. "அது கடிக்காதுன்னு உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் பாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இப்பவும் வரவில்லை.

கடித்துவிட்டால் என்ன பாடு என்று நமக்கெல்லாம் தெரியும். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். (மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது!) ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் ஒரு தடவையோடு முடியாது, பல நாள் போகணும். போகிற நாளெல்லாம் அம்மாவுக்குக் கூலி போச்சு. போடாமல் விட்டு, ரேபீஸ் நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

'கட்டிப் போடுவது பாவம்' என்று என் தம்பி அழுகிறான். அதுவும் நியாயம்தான். நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் நாய்க்கு வெறுப்பு ஏறும். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், கட்டி வைத்த நாயை நடக்கக் கூட்டிப் போகாமலே இருப்பதையும் குற்றம் என்கிறது. அதே மாதிரி, வளர்க்கும் பிராணியால் ஆபத்து வராமல் கவனிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 2023-ம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. அதனால் நான் இப்போ காலையில் மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரை வரை போய் வருகிறேன். அதுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். (வீட்டுப்பாடம்தான் கொஞ்சம் இடிக்கிறது.)

நாங்கள் கட்டியதும் நாலாவது வீட்டிலும் கட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது முன்வீட்டு நாய், அதாவது வீட்டுக்காரருடைய நாய். நம்மளை மாதிரி வாடகைக்கு இருக்கிறவங்க எப்படிச் சொல்வது என்று எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர் நாய்க்கு ஒரு சட்டம், எங்க நாய்க்கு ஒரு சட்டமா? அப்படி இருந்தால் நாளைக்கே நாலாவது வீட்டிலும் அவிழ்த்து விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வருகிற ஒண்ணாம் தேதி அம்மா வாடகை கொடுக்கப் போகும்போது நானும் கூடப் போகிறேன். அக்கா என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் அப்படியே கேட்கலாம் என்று இருக்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி